வெள்ளம், உவர், வறட்சி தாங்குற நெல்லை எங்கட வயலிலயே உருவாக்கிறது எப்பிடி

2018 மார்கழியில கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவுகள் திறந்த நேரம் எங்கட கீழ்வயலுக்குள்ள வந்த தண்ணி வடிய 6 நாள் எடுத்தது. பயிர் குடலைப் பருவம் (கதிர் இன்னும் இலைக்குள்ள இருக்கிற நேரம்), அரைவாசிக்கு மேல அழுகிப் போச்சு. ஆனா வடக்கு மூலையில கொஞ்ச இடத்தில மட்டும் பயிர் தப்பி நிண்டு கதிரும் தள்ளினது. நான் அதைப் பாத்து இது வெள்ளம் தாங்குற விதை எண்டு நம்பி, அந்த மூலையைத் தனிய கையால அறுத்து, அடிச்சு, காயவிட்டு, வேற சாக்கில கட்டி வைச்சு, அடுத்த காலபோகத்துக்கு (மாரிமழைப் போகம்) வழமையான விதைக்குப் பக்கத்தில விதைச்சுப் பாத்தன். ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு வயலை மட்டப்படுத்தேக்கதான் தெரிஞ்சது, அந்த மூலை மற்ற இடத்தை விட அரை அடி உயரம்.

தப்பினது விதையால இல்லை, மேட்டால. விதை தெரிஞ்செடுக்கிற வேலையில இறங்கிற ஆக்கள் முதல் விளங்க வேண்டியது இதுதான், கீழ நான் எழுதிற ஒவ்வொரு வேலையிலயும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: இந்தச் செடி நல்லா நிக்கிறது அதின்ர பிறப்பாலயோ, நிண்ட இடத்தாலயோ?

இன்னொரு பிழையும் அதில இருந்தது. நான் விதைச்சது அத்தாட்சி விதை, ஒரே இனம், தூய்மையானது. நெல்லு தன்ர பூவுக்குத் தானே மகரந்தம் போடுற பயிர், அதால ஒரு இனத்தைக் கனகாலம் சுத்தமா வைச்சிருந்தா அதில எல்லாச் செடியும் ஒரே மரபுதான். 1903 இல டென்மார்க்கில ஜோகான்சன் எண்ட விஞ்ஞானி போஞ்சி விதையில இதைக் காட்டினவர், தூய வரிசையில இருந்து பெரிய விதையைத் தெரிஞ்சு போட்டாலும் சின்ன விதையைத் தெரிஞ்சு போட்டாலும் அடுத்த தலைமுறையில சராசரி ஒண்டாத்தான் வரும் எண்டு. ஜீன் எண்ட சொல்லைப் பிறகு 1909 இல தந்ததும் அவர்தான். ஆகவே கடையில வாங்கின பி.ஜி 360 எண்ட நெல்லு விதைச்ச வயலுக்குள்ள போய் நல்ல கதிர் தேடிறதால இனம் சுத்தமா இருக்கும், அது நல்ல வேலைதான், ஆனா புதுசா ஒரு குணம் வராது. வேற வேற மரபு கலந்து கிடந்தாத்தான் தெரிஞ்செடுக்கிறதுக்கு எதாவது இருக்கும். ஒண்டில் பழைய நாட்டு நெல்லுகளை எடுக்க வேணும், இல்லாட்டி 2 இனத்தை நாங்களே கலக்க வேணும்.

முதல்ல உங்கட வயலுக்கு என்ன வருத்தம் எண்டு முடிவெடுங்கோ. வன்னி முழுக்க ஒரே பிரச்சினை இல்லை. பூநகரிப் பக்கம் கடல்நீரேரிக் கரையில உவர். குளத்துத் தண்ணி இல்லாத மானாவாரி வயல்களில மார்கழிக்குப் பிறகு மழை நிண்டா பூக்கிற நேரம் வறட்சி. குளங்களுக்குக் கீழ பள்ளக்காணியில வெள்ளம். எல்லா இடத்திலயும் அறக்கொட்டி, நெல்லின்ர சாறை உறிஞ்சிற கபிலத் தத்துப்பூச்சி. ஒரே நேரத்தில எல்லாத்துக்கும் பதில் தேடினா ஒண்டும் கிடைக்காது, ஒண்டு, மிஞ்சினா ரெண்டு குணத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

கலப்புச் செய்ய முதல் ஏற்கனவே இருக்கிறதைப் பரிசோதிச்சுப் பாருங்கோ, பாதிப் பேருக்கு அதோட வேலை முடிஞ்சிடும். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில வந்த இனம் பி.ஜி, அம்பலாந்தோட்டை நிலையத்தில வந்தது ஏ.ரி, பிறகு வாற எண் வயசைச் சொல்லும், 250 எண்டா இரண்டரை மாசம், 300 எண்டா 3 மாசம், 350, 360 எண்டா மூண்டரை, 400 எண்டா 4 மாசம். தண்ணி குறைஞ்ச சிறுபோகத்துக்கு பி.ஜி 250 மாதிரி ஒண்டு வறட்சி வர முதல் முத்திவிடும். அது வறட்சியைத் தாங்கிறது இல்லை, வறட்சியிட்ட இருந்து ஓடித் தப்பிறது, ஆனா உங்களுக்குத் தேவை அரிசிதானே, ஓடித் தப்பினாலும் நல்லம்தான். உவருக்கு ஏ.ரி 354 இருக்கு, அது கேரளத்துக் கரையோரத்து பொக்காளி நெல்லை பி.ஜி 94-1 ஓட கலந்து எடுத்தது. நாட்டு நெல்லில பூநகரி மொட்டைக்கறுப்பன் எல்லாருக்கும் தெரிஞ்சது, பச்சைப்பெருமாளும் இன்னும் சில இடத்தில கிடைக்கும். பேராதனைக்குப் பக்கத்தில கன்னொறுவையில 1988 இல தொடங்கின தாவர மரபணு வளங்கள் நிலையம் இருக்கு, எங்கட நாட்டுப் பழைய நெல்லுகளின்ர மாதிரிகளை அங்க குளிரில பாதுகாக்கினம்.

எங்கட நாட்டு நெல்லின்ர பெறுமதி எங்களுக்கே வடிவாத் தெரியாது எண்டுறது என்ர கவலை. வெள்ளத்துக்குள்ள மூழ்கியும் தப்புற நெல்லு எண்டு உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர் பேர் சொல்லுறதுகளில குர்கறுப்பன், தவலு, கொட ஹீனட்டி மூண்டும் இலங்கையில இருந்து போனது. அறக்கொட்டியை எதிர்க்கிற பி.பி.எச் 3 எண்ட ஜீன் ரத்து ஹீனட்டி எண்ட எங்கட சிவப்பு நெல்லில இருந்து எடுத்தது. 1950களின்ர கடைசியில வந்து நாடு முழுக்கப் பரவின எச் 4 எண்ட நெல்லினத்தின்ர ஒரு பெற்றார் முருங்கைக்காயன் 302. இதுகள் எல்லாம் ஆரோ ஒரு கமக்காரன் தலைமுறை தலைமுறையா வைச்சுக் காப்பாத்தினதுதான்.

சரி, 8 அல்லது 10 இனம் கிடைச்சிட்டுது எண்டு வைப்பம். ஒவ்வொண்டையும் ஒவ்வொரு பாத்தியில ஒருக்கா மட்டும் போட்டுட்டு எது நல்லது எண்டு முடிவெடுக்காதேங்கோ. ஒவ்வொரு இனத்தையும் 3 இடத்தில போட வேணும், எந்தப் பாத்தியில எது எண்டு சீட்டுக் குலுக்கிப் போட வேணும், மாட்டுப்பட்டிக்குக் கிட்டவும் வாய்க்கால் தலைப்பிலயும் நிக்கிறது எதுவும் வெல்லும், சீட்டுக் குலுக்கினா அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் பங்கு போகும். உங்கட வழமையான இனமும் கட்டாயம் நடுவில நிக்க வேணும். அதைத் தோற்கடிக்காத ஒண்டு எங்களுக்கு எதுக்கு?

அதில திருப்தி இல்லாட்டிதான் கலப்பு. இதைக் கஷ்டம் எண்டு பயப்பிடுற ஆக்கள் கன பேர், ஒரு சாமணம், சின்னக் கத்திரிக்கோல், மெல்லிய எண்ணெய்த்தாள், நூல், பொறுமை இவ்வளவும் போதும், கண் பார்வை குறைஞ்ச ஆக்களுக்கு ஒரு பூதக்கண்ணாடி.

மகரந்தம் வாங்கி விதை பிடிக்கிறது தாய், மகரந்தம் குடுக்கிறது தந்தை. ஆரைத் தாயா வைக்கிறது எண்டுறதில ஒரு உபாயம் இருக்கு. உயரமான நாட்டு நெல்லும் குட்டையான பி.ஜியும் எண்டா குட்டையைத் தாயா வையுங்கோ. எங்கட பி.ஜி இனங்களின்ர குட்டைத்தன்மைக்குக் காரணமான ஜீன் ஒடுங்கினது, உயரம் ஆட்சியானது, அதாவது ரெண்டும் ஒரு செடியில சேந்தா உயரம்தான் வெளியில தெரியும், குட்டை மறைஞ்சு நிக்கும். அப்ப முதல் தலைமுறைச் செடி உயரமா வளந்தா கலப்பு சரி எண்டு அர்த்தம், குட்டையா வந்தா அது தாய் தனக்குத்தானே பிடிச்ச விதை, பிடுங்கி எறியலாம். டிஎன்ஏ பரிசோதனை இல்லாமலே வயலில நிண்டு கண்ணால கண்டுபிடிக்கிற வழி இது.

ரெண்டு இனமும் ஒரே நாளில பூக்காது, அதால வாளியில 7 நாளுக்கு ஒருக்கா 3, 4 தரமா விதையுங்கோ, எப்பிடியும் ஏதோ ஒரு தரம் பொருந்தும். நாட்டு நெல்லுகளில சிலது பகல் நீளம் குறைஞ்சாத்தான் பூக்கும், அதுகளைச் சிறுபோகத்தில போட்டுட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறதில பிரயோசனம் இல்லை, காலபோகத்தில வையுங்கோ.

தாய்ச் செடியில கடைசி இலைக்குள்ள இருந்து பாதிக்கு மேல வெளியில வந்த கதிர் ஒண்டை எடுங்கோ. நுனியில ஏற்கனவே பூத்த நெல்மணிகளை வெட்டி விடுங்கோ, அடியில இன்னும் பிஞ்சா இருக்கிறதையும் வெட்டுங்கோ, நடுவில ஒரு 30, 40 மணி மிஞ்சினாக் காணும். வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சுப் பாத்தா உமிக்குள்ள மகரந்தப் பை எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு தெரியும், பாதி உயரத்துக்கு வந்ததுதான் நாளைக்குப் பூக்கப் போறது. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு ஒவ்வொரு மணியிலயும் மேல மூண்டில ஒரு பங்கைச் சரிவா வெட்டி, சாமணத்தால உள்ளுக்கு இருக்கிற 6 மகரந்தப் பையையும் எடுங்கோ, ஆறு, எண்ணி எடுங்கோ, ஒண்டு விட்டாலும் பிழைச்சுது. நடுவில இறகு மாதிரி இருக்கிற ரெண்டு சூல்முடியில கை படாமல் பாருங்கோ. எண்ணெய்த்தாள் உறையால மூடி, தாய் பேரும் திகதியும் எழுதி, நூலால கட்டுங்கோ. பென்சிலால எழுதுங்கோ, பேனை மை பனியில கரைஞ்சு போகும்.

அடுத்த நாள் காலமை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில தந்தை இனம் பூ விரிக்கும். விரியத் தொடங்கின கதிரை மெதுவா வெட்டி வந்து, தாயின்ர உறையின்ர வாயைத் திறந்து, கதிரைத் தலைகீழாப் பிடிச்சுச் சுண்டுங்கோ, தூள் விழுறது தெரியும். நெல் மகரந்தம் சில நிமிசம்தான் உயிரோட இருக்கும், அதால பக்கத்து ஊரில இருந்து கதிரை மோட்டார் சைக்கிளில கொண்டு வந்து தூவலாம் எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டு செடியும் ஒரே முற்றத்தில நிக்க வேணும். சூல்முடி ரெண்டு மூண்டு நாள் தாங்கும், அதால அடுத்த நாளும் ஒருக்காத் தூவினா நல்லம். 5 நாளில பிடிச்சதா எண்டு தெரியும், 25 இல இருந்து 30 நாளில அறுக்கலாம். உமியை வெட்டினதால அரிசி வெளியில தெரியும், பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு தூக்கும். என்ர முதல் கலப்பு 11 விதையையும் எறும்புதான் கொண்டு போனது, வாளியைத் தண்ணித் தட்டில வைச்சிருந்தா வந்திராது. நிழலில காயவிட்டு, ஈரத் துணியில முளைக்க வைச்சு, சட்டியில நடுங்கோ, வயலுக்கு நேர விதைக்காதேங்கோ.

இந்த முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், இதில தெரிஞ்செடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, கலப்புச் சரியோ எண்டு பாத்து விதையைப் பெருக்கினாச் சரி. விளையாட்டு ரெண்டாந் தலைமுறையிலதான் தொடங்கும், நாலில மூண்டு உயரம், நாலில ஒண்டு குட்டை, வயசும் நிறமும் மணமும் எல்லாம் சிதறி நிக்கும். எவ்வளவு செடி வேணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒரு கணக்கு: ஒடுங்கின குணம் ஒண்டு வேணும் எண்டா 4 இல 1, ரெண்டு ஒண்டா வேணும் எண்டா 16 இல 1, மூண்டு எண்டா 64 இல 1. அந்த 64 இல ஒண்டு உங்கட பாத்தியில ஒரு செடியாவது நிக்கும் எண்டு 95 வீத நம்பிக்கை வேணும் எண்டாலே கிட்டத்தட்ட 190 செடி நட வேணும், ஆகவே ஐஞ்ஞூறுக்குக் குறையாமல் தனித்தனி நாற்றா நடுங்கோ, வீசி விதைச்சா எது எந்தச் செடி எண்டு தெரியாது.

சிவப்பரிசி தேடுற ஆக்களுக்கு ஒரு சின்ன விசயம், உமியும் தவிட்டுத் தோலும் தாய்ச் செடியின்ர உடம்பு, குழந்தையின்ரது இல்லை. வெள்ளை அரிசித் தாயில சிவப்பைத் தூவினா அந்தக் கலப்பு விதையின்ர அரிசி வெள்ளையாத்தான் இருக்கும், அடுத்த தலைமுறை விதை முழுக்கச் சிவப்பா வரும், சிவப்பு ஆட்சியான குணம் எண்டபடியா. வெள்ளையும் சிவப்பும் பிரிஞ்சு தெரியிறது ரெண்டாந் தலைமுறைச் செடிகளை ஒவ்வொண்டா அறுத்துக் குத்திப் பாக்கேக்கதான். இது தெரியாமல் எத்தினையோ பேர் கலப்புப் பிழைச்சுப் போச்சு எண்டு விதையை எறிஞ்சிருப்பினம்.

ரெண்டாந் தலைமுறையில விளைச்சலைப் பாத்துத் தெரிஞ்செடுக்காதேங்கோ. உயரம், வயசு, அரிசியின்ர நிறம் இதெல்லாம் பிறப்பால வாற குணம், ஒரு செடியைப் பாத்தே சொல்லலாம். ஒரு தனிச் செடியின்ர விளைச்சல் பக்கத்தில இடைவெளி இருந்ததோ, சாணி விழுந்ததோ எண்டதிலதான் கூடக் கிடக்கு. பாத்தியைச் சின்னச் சின்னச் சதுரமாக் கயிறு கட்டிப் பிரிச்சு, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளயும் நல்லது ரெண்டை மட்டும் எடுங்கோ, அப்ப நல்ல மண் மூலை முழுப் பரிசையும் அள்ளிக்கொண்டு போகாது. வரம்போர வரிசையை விடுங்கோ, வரம்போரச் செடி எப்பவும் பெரிசு.

பிறகு ஒவ்வொரு செடியின்ர விதையையும் அடுத்த போகம் தனி வரிசையாப் போட்டுக்கொண்டே போக வேணும். ஒவ்வொரு தலைமுறையிலயும் கலப்புத்தன்மை பாதியாக் குறையும், ரெண்டில 50 வீதம், மூண்டில 25, நாலில 12.5, ஆறாந் தலைமுறையில 3 வீதம் அளவிலதான் மிஞ்சும். அதுக்குப் பிறகு இனம் மாறாமல் நிக்கும். வருசத்துக்கு 2 போகம் செய்ய ஏலுமெண்டா 3, 4 வருசம். நீளம்தான், ஆனா ஒரு தென்னம்பிள்ளை காய்க்கிறதுக்கும் அவ்வளவு காலம் வேணும்.

இடையில, மூண்டாம் நாலாந் தலைமுறையில, வருத்தத்தைக் குடுத்துப் பாக்க வேணும். உவருக்கு வயலை நம்பாதேங்கோ, உவர் நிலத்தில ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் உப்பு மாறும். உரக் கரைசல் விட்ட தட்டுகளில நாற்று வைச்சு, முதல் 3 நாளுக்கு லீற்றருக்கு 3 கிராம் கறி உப்பு, பிறகு 6 கிராம் எண்டு கூட்டுங்கோ, ஒவ்வொரு தட்டிலயும் ஏ.ரி 354 உம் உப்புத் தாங்காத ஒண்டும் சாட்சியா நிக்க வேணும். தாங்காதது காயத் தொடங்கேக்க எது பச்சையா நிக்குதோ அதுதான் உங்கட ஆள். இன்னொண்டு, நெல்லு நாற்றாயும் பூக்கேக்கயும் ரெண்டு தரம் உவருக்குப் பயப்பிடும், நாற்றில தாங்கினது பூவில தாங்கும் எண்டு இல்லை, ஆகவே வயலிலயும் கடைசி மட்டும் பாக்க வேணும்.

வறட்சிக்குச் சிறுபோகம் நல்ல வசதி, மழை வந்து குழப்பாது. குடலைப் பருவத்தில தண்ணியை நிப்பாட்டி மண் வெடிக்கும் வரை விட்டு, பிறகு திரும்பப் பாய்ச்சி, சப்பி (பதர்) எவ்வளவு, மணி எவ்வளவு எண்டு எண்ணுங்கோ. ஆனா வயசு குறைஞ்சது முதலே பூத்து முடிஞ்சு தப்பிவிடும், திரும்பவும் அந்த மேட்டுக் கதைதான். வயசுக்கு ஏத்த மாதிரி விதைக்கிற நாளை மாத்தி எல்லாம் ஒண்டாப் பூக்க வைச்சாத்தான் நியாயமான போட்டி.

வெள்ளத்துக்கு 21 நாள் நாற்றைச் சீமெந்துத் தொட்டியில முழுசா மூழ்க வைச்சு 14 நாள் விட்டு, தண்ணியை இறக்கி இன்னும் ரெண்டு கிழமை பொறுத்து எது திரும்பத் துளிர்க்குது எண்டு பாக்கிறது. தண்ணிக்குள்ள வேகமா நீண்டு மேல வாறதைப் பாத்துச் சந்தோசப்படாதேங்கோ, அது இருக்கிற மாச்சத்தை எல்லாம் செலவழிச்சிட்டுத் தண்ணி வடியச் சாயும். தாங்கிறது அடங்கி இருக்கும். சப் 1 எண்ட ஜீன் செய்யிறது அதைத்தான், ஒடிசாவின்ர எப்.ஆர் 13 ஏ எண்ட நெல்லில இருந்து எடுத்து, இந்தியாவில கன பேர் விதைக்கிற சுவர்ணா இனத்துக்குள்ள போட்டு 2009 இல வெளியிட்டவை. ஆனா உண்மையைச் சொல்லோணும், அது பயிர் இளமையா இருக்கேக்க மூழ்கினாத்தான் உதவும், 2018 இல எங்களுக்கு வந்த மாதிரி குடலையில வாற வெள்ளத்துக்கு அது மருந்து இல்லை. அதுக்கு விதைக்கிற நாளையும் வயசையும் மாத்திறதுதான் இப்ப எங்கட கையில இருக்கிற வழி.

சுவர்ணாவில செய்த முறையையும் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். உங்களுக்குப் பிடிச்ச இனத்தில ஒரு குணம் மட்டும் குறை எண்டா, கலந்ததைத் திரும்பத் திரும்ப அந்த இனத்தோடயே கலக்கிறது, ஒவ்வொரு முறையும் பழைய இனத்தின்ர பங்கு 50 இல இருந்து 75, 87.5, 93.75 எண்டு ஏறும். எந்தச் செடிக்குள்ள அந்த ஜீன் இருக்கு எண்டு இலைத் துண்டில டிஎன்ஏ அடையாளம் பாத்துத் தெரியிறதால காலம் மிச்சம். இது விதையைத் தெரிஞ்சு எடுக்கிற வழிதான், வெளியில இருந்து ஜீனை ஏத்திறது இல்லை, ரெண்டையும் குழப்பிப் பயப்பிடுற ஆக்களும் இருக்கினம். இந்தப் பகுதி வீட்டில ஏலாது. பரந்தனில நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கு, உங்கட விவசாயப் போதனாசிரியரையும் கூட்டிக்கொண்டு நேர போய்க் கதையுங்கோ, கையில பேர், திகதி எழுதின கொப்பியோட போனா மதிச்சுக் கதைப்பினம். அறக்கொட்டி எதிர்ப்பைப் பாக்கிறதையும் அவையளிட்ட விடுங்கோ, பூச்சி வளத்து விடுற வேலை வீட்டில சரிவராது.

கடைசியா மிஞ்சின 4, 5 வரிசையைச் சமைச்சுப் பாருங்கோ. எங்கட ஆக்களுக்குப் புழுங்கல் சரியா வர வேணும், பிட்டுக்கு மா உதிர வேணும், பழஞ்சோறு அடுத்த நாள் காலமை குழையாமல் இருக்க வேணும். அவிக்கிற ஆக்கள் வேண்டாம் எண்டு சொன்ன நெல்லு எவ்வளவு உவர் தாங்கினாலும் வயலில நிக்காது, அதால அவிச்சுக் குத்திச் சமைக்கிற பெண்களைக் கடைசியாக் கூப்பிடாமல் மூண்டாந் தலைமுறையிலயே கூப்பிட்டுக் காட்டுங்கோ. அயலுக்குள்ள கொஞ்சம் மாறிக் குடுக்கலாம், ஆனா விதையா விக்கிறதெண்டா 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கு, அதுக்கேத்த பதிவு, தரம் எல்லாம் விவசாயத் திணைக்களத்திட்டக் கேட்டுச் செய்யுங்கோ.

புது இனம் வந்திட்டுது எண்டு முழு வயலுக்கும் அதையே போடாதேங்கோ. ஒரே எதிர்ப்பு ஜீன் எல்லா வயலிலயும் நிண்டா அறக்கொட்டி சில வருசத்தில அதைத் தாண்டிப் பழகிக்கொள்ளும். ஒரு பங்குக்குப் புதுசு, மற்றதுக்குப் பழசு.

விதையை வடிவாக் காயவிட்டு, பல்லால கடிச்சா டக் எண்டு உடையிற அளவுக்கு, காத்துப் புகாத போத்தலில சாம்பலோட போட்டு, ஒரே வீட்டில வைக்காமல் மூண்டு வீட்டில வையுங்கோ. 2009 இல நாங்கள் இடம்பெயரேக்க அப்பாவின்ர விதைநெல்லுச் சாக்கு 4 உம் வீட்டுக்குள்ளயே கிடந்தது, திரும்பி வரேக்க வீடும் இல்லை சாக்கும் இல்லை. அதில ஒரு நெல்லு, நீட்டு வாலோட, சோறு சிவந்து மணக்கும், பேர் அம்மாவுக்கும் இப்ப ஞாபகம் இல்லை. அதை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், ஆரின்ரயாவது வளவில நீட்டு வால் நெல்லு நிண்டா ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கோ.